ஆறு மாதமா, ஒரு வருடமா, இரண்டு வருடமா: இயங்குதளம் எப்போது மாற வேண்டும்?

பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட் மாதாமாதம் வரட்டும், அவசரமென்றால் இன்றைக்கே வரட்டும், அதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் பெரிய அப்கிரேடில்தான். மெனு இடம் மாறும், பழைய பிரிண்டரை இயக்க வேண்டிய டிரைவர் மென்பொருள் கிடைக்காது, நேற்று வரை ஓடிய மென்பொருள் இன்று திறக்கவே மறுக்கும்.

இடைவெளி நீளமாக இருந்தால் நிம்மதி என்பவர்கள் விண்டோஸ் எக்ஸ்பியைக் காட்டுவார்கள். 2001-இல் வந்தது, அடுத்த விஸ்டா பொதுமக்களுக்குக் கிடைத்தது 2007 ஜனவரியில். நிம்மதிதான், ஆனால் ஐந்து வருடம் சேர்ந்த மாற்றமெல்லாம் விஸ்டாவில் மொத்தமாகத் தலையில் இறங்கியது: டிரைவர் அமைப்பு மாறி, எதைத் தொட்டாலும் அனுமதி கேட்கும் பெட்டி குதித்து, பழைய கம்ப்யூட்டர்கள் திணறி, கடைசியில் நிறைய பேர் எக்ஸ்பியை விட்டு நகரவே இல்லை. 2014 ஏப்ரலில் ஆதரவு நின்ற பிறகும் அதையே ஓட்டியவர்கள் உண்டு. இந்தப் பாதிக் கதையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

சரி, அடிக்கடி கொடுத்தால்? விண்டோஸ் 10-க்கு 2017 முதல் வருடத்துக்கு இரண்டு பெரிய அப்டேட். 2018 அக்டோபரில் வந்தது சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துச் சரிசெய்து நவம்பரில் மறுபடி விட்டது. இதில் எரிச்சல் என்னவென்றால், வெளியீட்டுக்கு முன்பே முன்னோட்டப் பதிப்பை ஓட்டிப் பார்த்தவர்கள் சிலர் இதை முன்பே புகாராகச் சொல்லியிருந்தார்கள். தேதி நெருக்கினால் புகாரைப் படிக்க யாருக்கு நேரம்? 2021-இல் வருடத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டார்கள்.

வருடத்துக்கு ஒன்று என்பது ஆப்பிளும் தன் மேக் கம்ப்யூட்டர்களின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸுக்கு 2012-இலிருந்து பிடித்துவரும் வழக்கம். அதற்குக் காசு கேட்பதில்லை, அதனால் பலரும் சீக்கிரம் மாறிவிடுகிறார்கள். ஆனாலும் புதிய மேக்ஓஎஸ் வந்ததும் ஒலிப்பதிவு மென்பொருள் செய்பவர்கள் 'இப்போதைக்கு மாறாதீர்கள்' என்று அறிவிப்பு விடுவது சடங்கு மாதிரி ஆகிவிட்டது. 2019-இல் காட்டலினா என்ற பதிப்பு, பழைய பாணியில் எழுதப்பட்ட 32-பிட் செயலிகளை மொத்தமாகக் கைவிட்டது. மேக் ஆட்கள் இன்றும் ஆசையாகப் பேசுகிற ஸ்னோ லெப்பர்டு பதிப்பு, முந்தையதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, புதிய வசதி எதுவும் இல்லை என்று சொல்லியே 2009-இல் வந்தது.

ஆர்ச் லினக்ஸ் போல, பெரிய பதிப்பு என்றே இல்லாமல் மாற்றங்களை அவ்வப்போது கொடுத்துக்கொண்டே நிற்காமல் ஓடும் இயங்குதளங்கள் தனி ரகம். கோளாறு வந்தால் தானே சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

என் ஓட்டு இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் பாணிக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, அதற்கு ஒன்பது மாதமே ஆதரவு; ஆசைப்பட்டவர்கள் அதில் ஏறி அடிபடட்டும். மற்றவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு; அதற்கு ஐந்து வருட ஆதரவு. அப்புறம், ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்ததற்கு மாறச் சொல்லும் அழைப்பு வெளியீட்டு நாளிலேயே வராது, முதல் திருத்தப் பதிப்பு தயாராகும்வரை சில மாதம் காத்திருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிதானம்தான்.

இரண்டு வருடப் பழசு புது லேப்டாப்பின் வைஃபையை அடையாளம் காணாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் நடுவில் வரும் ஆறு மாதப் பதிப்புகளின் புதிய கெர்னலை, அதாவது வன்பொருளோடு பேசும் மையப் பகுதியை, எல்டிஎஸ்ஸுக்கும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மெனு இருந்த இடத்திலேயே இருக்கும்.