லாக்ஸ் வாக்ஸ் குழாய்: மேடை நடிகர்கள் வாங்கலாமா?

லாக்ஸ் வாக்ஸ் என்ற குரல் பயிற்சிக் கருவியின் பெட்டிக்குள் இருப்பது 35 செ.மீ. சிலிக்கோன் குழாய், ஒரு சின்ன பாட்டில், மடித்த தாளில் பயிற்சிக் குறிப்பு. இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும், நியாயம்தான். குழாயை மட்டும் தனியாக வாங்குங்கள், பெட்டி வேண்டாம்.

பின்லாந்தில் குரல் சிகிச்சைக்குக் கண்ணாடிக் குழாயை நீரில் விட்டுக் குரல் கொடுக்கவைக்கும் முறை பல காலமாக உண்டு. அந்நாட்டுப் பேச்சு, குரல் சிகிச்சையாளர் மார்கெட்டா சிஹ்வோ அதைச் சிலிக்கோனுக்குக் கொண்டுவந்தார். ஒரு முனை தண்ணீரில், மறுமுனை உதட்டுக்குள். 'ஊ' என்று குரல் கொடுத்தால் நீர் எதிர்த்துத் தள்ளும். அந்த எதிரழுத்தம் தொண்டையில் நிற்பதால் குரல்நாண்கள் அறைந்து மோதாமல் மெல்லத் தொட்டு அதிர்கின்றன. கத்தாமலே குரல் சூடேறிவிடும். ஒத்திகைக்கு முன் 5 நிமிடம், நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கும்போது 3 நிமிடம் போதும்.

தனியாக வாங்குவோர் அளவில் ஏமாறக் கூடாது. உள்விட்டம் 9 முதல் 12 மி.மீ. வேண்டும். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் மீன்தொட்டிக் காற்றுக் குழாய் 4 மி.மீ.தான். அதில் ஊதினால் கன்னம் உப்பும், தொண்டை இறுகும், பயிற்சியின் நோக்கமே கெடும். ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் உணவுத்தரச் சிலிக்கோன் என்று கேட்டு, சுவர்த் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். மெல்லியதாக இருந்தால் பாட்டில் வாயில் மடங்கிக் காற்றை அடைத்துவிடும். பிவிசி வேண்டாம், வாடை வரும், கொதிநீரில் போட முடியாது. ஒரு மீட்டர் வாங்கினால் இரண்டு பேருக்கு வெட்டியது போக மிச்சம் இருக்கும்.

அரை லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். குழாய் முனை முதலில் 2 செ.மீ. ஆழம் மட்டும் மூழ்கட்டும், பழகியபின் 5 வரை போகலாம். அதற்கு மேல் ஆழமாக விட்டு வயிற்றை எக்கித் தள்ளுவதில் வீரம் எதுவும் இல்லை. ஆழத்தைக் குறிக்க மார்க்கர் உதவாது, சிலிக்கோனில் அழிந்துவிடும். ரப்பர் பேண்ட் மாட்டுங்கள்.

முதலில் ஒரே சுருதியில் நீட்டுங்கள். பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இழையுங்கள். அடுத்து வசனத்தையே சொற்கள் இல்லாமல், ஏற்ற இறக்கம் மட்டும் 'ஊ'வில் வரும்படி ஊதுங்கள். குழாயை எடுத்த கையோடு அதே வசனத்தைப் பேசிவிட வேண்டும். இங்கே இடைவெளி விட்டால் கிடைத்த தளர்வு பழைய பழக்கத்தில் கரைந்துவிடும். நடுவில் மூக்கைப் பொத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. தலை சுற்றினால் அளவுக்கு மீறி ஊதுகிறீர்கள், நிறுத்தி உட்காருங்கள்.

பலர் பாட்டிலை மேசையில் வைத்துக் குனிகிறார்கள். முகவாய் முன்னே நீள, பிடரி இறுகுகிறது. குழாய் வளையக்கூடியது, பாட்டிலை மார்புக்கு நேரே பிடித்து நிமிர்ந்து நில்லுங்கள். இதே பயிற்சிக்கு எடுக்கும் விறைப்பான உலோக ஸ்ட்ராவைவிட இது மேல் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பாடகருக்குக் கிடைக்காத லாபம் ஒன்று நடிகருக்கு இதில் உண்டு. குழாய் வாயில் இருக்க, முழங்காலைப் பூட்டாமல் நின்று, குரலை விடாமல் அரைமண்டிக்கு (முழங்கால் மடித்த பாதி உட்கார்வுக்கு) இறங்குங்கள். தொடையில் பாரம் ஏறும் இடத்தில் குமிழி சட்டென்று நிற்கும், அல்லது கொப்பளித்துப் பொங்கும். நின்றால் மூச்சை அடக்கிவிட்டீர்கள். பொங்கினால் வயிற்றால் தள்ளுகிறீர்கள். வாளை ஓங்கும்போது வசனம் அறுவதற்கும், ஓடிவந்து நின்றதும் முதல் சொல் விழுங்கப்படுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கிரீடமும் மர அணிகலன்களான கட்டைகளும் கட்டி ஆடிக்கொண்டே பாடும் கூத்துக்காரர் இந்தப் பிடியைப் பல வருடங்களில் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். நமக்குக் குமிழி கண்ணெதிரே காட்டிக்கொடுக்கிறது. குமிழி சீராக வரும்வரை வேகத்தைக் குறைத்து இறங்குங்கள், பிறகு நடை, பிறகு திரும்புதல். தரையில் உருளும் பயிற்சிக்கு மட்டும் தண்ணீர் இல்லாமல் வெறும் ஸ்ட்ரா.

உச்சரிப்புக்கு இது உதவாது. ழகர ளகரத் தெளிவுக்கும், வல்லினம் கடைசி வரிசைவரை போய்ச் சேர்வதற்கும் நாக்குப் பயிற்சி தனியே செய்யத்தான் வேண்டும். கிட்டில் வரும் தாள் அதைச் சொல்வதில்லை, உடல் அசைவைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. குழாய்க்கு 5க்கு 4, பெட்டிக்கு 2. மூன்று வாரமாகக் குரல் கரகரப்பு போகவில்லை என்றால் எந்தக் குழாயும் வாங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்றி, குழாயைச் சோப்பு நீரில் கழுவித் தொங்கவிடுங்கள். குழுவில் பத்துப் பேர் என்றால் பத்துக் குழாய், பத்துப் பாட்டில். சிக்கனம் என்று ஒன்றையே சுற்றுக்கு விட்டால் ஒருவர் சளி எல்லோருக்கும் வரும், அதுவும் அரங்கேற்ற வாரத்தில்.