வாளையாறு வரிசைக்கு எந்தக் கணக்கு?

தமிழ்நாடு–கேரள எல்லையில் வாளையாறு, இந்தப் பக்கம் க.க.சாவடி. இரண்டிலும் எந்த லாரியை முதலில் கவனித்தால் வரிசை கட்டுக்குள் நிற்கும்? ஒரு மாதிரிக் கணக்கு. பாலக்காடு போகும் காய்கறி லாரி முதலில் க.க.சாவடியில் நிற்கிறது, பிறகு வாளையாறில். எதிர்த்திசையில் வரும் மீன் லாரிக்கு அப்படியே தலைகீழ். திசைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு லாரி. முதல் நிறுத்தத்தில் சீட்டுப் பார்க்க 1 நிமிடம். இரண்டாவதில் எடை போட்டு, தார்ப்பாய் அவிழ்த்துச் சோதிக்க 6 நிமிடம். இடத்துக்கு ஒரே குழு, ஒரு நேரத்தில் ஒரு லாரி. பத்து நிமிடத்துக்கு 7 நிமிட வேலை, அதாவது 70 சதவீதச் சுமை. தாராளமாகத் தாங்கும் என்றுதான் தோன்றும்.

‘கிளம்பப் போகிற வண்டியை முதலில் விடு’, அதாவது சோதனைக்கு நிற்பதை முதலில் கவனி என்பது எல்லோருக்கும் பிடித்த விதி. இங்கே அதுதான் கவிழ்க்கும். சாவடியில் மீன் லாரிகளைச் சோதிக்கும்வரை காய்கறி லாரிக்குச் சீட்டுப் பார்ப்பதில்லை. அதனால் வாளையாறில் சோதனைக்கு வண்டியே வராது. அங்கே சோதனை நடக்கும்போது இங்கே அதே கதை. இரண்டு சோதனையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடப்பதே இல்லை. ஆகவே இரண்டு குழுக்களும் சேர்ந்து ஒரே குழுபோல, பத்து நிமிடத்தில் 6+6=12 நிமிட வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முடியாது, வரிசை இங்கும் அங்கும் மாறிமாறி ஊதி, ஒவ்வொரு சுற்றிலும் நீளும். வரிசைக் கணித ஆய்வாளர்கள் ரிப்கோவும் ஸ்டோல்யாரும் 1992-இல் காட்டிய வலையமைப்பு (ஒன்றோடொன்று இணைந்த நிறுத்தங்கள்) இது. சீட்டுப் பார்ப்பதை அரை நிமிடமாகக் குறைத்தாலும் பயனில்லை; சோதனை 5 நிமிடத்துக்குக் கீழே வர வேண்டும்.

வந்த வரிசையிலேயே விடுவது? நியாயமாகத் தெரியும், ஆனால் உத்தரவாதம் கிடையாது. சுமை நூறு சதவீதத்துக்குக் கீழே இருந்தும் இந்த முறையில் வரிசை கட்டுமீறும் வலையமைப்புகளை 1994-இல் பிராம்சன் காட்டினார்.

சி-மியூ விதி, காத்திருப்பின் மணிச்செலவை வேலை நேரத்தால் வகுத்து, பெரிய எண்ணுக்கு முதலிடம் தருகிறது. ஒரே இடம் என்றால் அருமையான விதி. எல்லா லாரிக்கும் மணிக்கு 100 ரூபாய் என்றால் சீட்டுக்கு 100/1, சோதனைக்கு 100/6. சீட்டு முந்தும், வரிசையும் நிலைக்கும், ஏனெனில் மீதி 9 நிமிடத்தில் 6 நிமிடச் சோதனை அடங்கிவிடும். ஆனால் பனிக்கட்டி உருகுகிறது, தக்காளி அழுகுகிறது என்று சோதனைக்கு நிற்பவற்றுக்கு 700 ரூபாய் போட்டால் 700/6 சுமார் 117. சோதனை முந்திவிட்டது, பழைய வினை திரும்பிவிட்டது. விதி பக்கத்து இடத்தைப் பார்ப்பதே இல்லை.

வரிசையின் ஏற்ற இறக்கத்தைத் தாறுமாறான தொடர் அலைவாகக் கணிக்கும் ஹாரிசனின் பிரௌனியன் அணுகுமுறை (1988) சுமை 95 சதவீதத்தை நெருங்கும்போது கூர்மையானது. 70 சதவீதத்துக்கு அவ்வளவு கனமான கணிதம் வீண்.

என் தேர்வு டாசியுலாஸும் எஃப்ரெமிடீஸும் 1992-இல் தந்த மேக்ஸ்வெயிட்தான். தன் வரிசையில் இருந்து அடுத்த இடத்து வரிசையைக் கழித்து, வேலை நேரத்தால் வகுக்க வேண்டும். சாவடியில் சீட்டுக்கு 20, வாளையாறில் சோதனைக்கு 5 லாரி என்றால் (20−5)/1=15. சோதனைக்குப் பிறகு அடுத்த இடம் இல்லை, கழிக்க எதுவுமில்லை; சாவடியில் சோதனைக்கு 30 நின்றால் 30/6=5. சீட்டுதான் பார்க்க வேண்டும். அதே 20-க்கு வாளையாறு வரிசை 18 என்றால் (20−18)/1=2; அப்போது சோதனைக்கு மாறு. வருகை விகிதம் தெரியாமலே, சுமை நூறுக்குக் கீழே இருக்கும்வரை வரிசை கட்டுக்குள் நிற்கும். இதற்கு விலையும் உண்டு: இரு இடமும் எண்ணிக்கையை ஓயாமல் பரிமாற வேண்டும், நிறுத்தங்கள் ஐந்தாறு ஆனால் ஒவ்வொன்றிலும் வரிசை சேர்ந்தால்தான் வண்டி நகரும், தாமதம் கூடும்.