"3 எச்.பி., 50 லிட்டர், காப்பர் வைண்டிங்": கம்ப்ரசர் காம்போ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வீட்டு போர்ட்டிகோவில் சொந்தக் காருக்கு பிரேக் பேட், ஆயில், சஸ்பென்ஷன் வேலை பார்க்கிற ஆளா நீங்கள்? ஏர் கம்ப்ரசரையும், காற்றின் வலுவில் தட்டித் தட்டி நட்டைக் கழற்றும் இம்பாக்ட் கன்னையும் சேர்த்து "கேரேஜ் காம்போ" என்று விற்கிறார்களே, அதில் கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு நான் வாங்கிய செட், மோட்டார் கருகி மூலையில் கிடக்கிறது. கருகியதுகூடப் பரவாயில்லை. பிரித்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் போட்டிருந்த ஒன்றுகூட உண்மையில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னுடையது பழைய சுவிஃப்ட். சின்னக் கார்களின் வீல் நட்டுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஆனால் டயர் கடையில், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சையெல்லாம் யார் எடுக்கிறார்கள்? கன்னை வைத்து ஒரே அடி. அப்புறம் ஒரு மழைக்காலம் போனால் துருவும் சேர்ந்துகொண்டு, வண்டியோடு வந்த ஸ்பேனர் மேல் ஏறி நின்றாலும் நட்டு அசையாது. ஹப் நட், லோயர் ஆர்ம் போல்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்காகத்தான் காற்றில் ஓடும் கன் வேண்டும் என்று போனேன்.

கடையில் ஒரு ஸ்டாண்டில் வீல் ஹப்பைப் பொருத்தி வைத்திருந்தார்கள். கன்னை வைத்ததும் டர்ரென்று நட்டு கையில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. "டயர் கடைக்காரங்களே இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர். 3 எச்.பி., 50 லிட்டர் டேங்க், 9 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), சுத்த காப்பர் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி), கன் 1,200 நியூட்டன் மீட்டர் என்று வாட்ஸ்அப்பிலும் படத்தோடு அனுப்பினார். அந்த டெமோ கன்னின் ஹோஸ் மட்டும் சுவரில் ஒரு ஓட்டை வழியாகப் பின்பக்கம் போனது. பிற்பாடு புகார் சொல்லப் போன அன்று குடோன் கதவு திறந்திருந்தது. உள்ளே, ஆள் உயர டேங்கோடு பெல்ட்டில் ஓடும் த்ரீ ஃபேஸ் கம்ப்ரசர். டெமோவுக்குக் காற்று அங்கிருந்துதான் வந்திருக்கிறது. விற்பது வேறு மெஷின், ஓட்டிக் காட்டுவது வேறு மெஷின்.

வீட்டில் முதல் நட்டு வந்தது. இரண்டாவது திணறித் திணறி வந்தது. மூன்றாவதற்கு கன் தட்டிக்கொண்டே இருந்ததே தவிர நட்டு நகரவில்லை. கடைக்குப் போன் போட்டால், "டேங்க் நிறையட்டும் சார், வெயிட் பண்ணுங்க" என்கிறார்.

இந்தக் கணக்கைக் கடைக்காரர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரை இஞ்ச் கன்னின் பெட்டியில் "காற்றுத் தேவை 4 அல்லது 5 சி.எஃப்.எம்." என்று இருக்கும். ஒரு நிமிடத்தில் கால்வாசி நேரம்தான் ஓடும் என்று வைத்துப் போட்ட சராசரி அது. விசையை அழுத்திப் பிடித்தால் 20 சி.எஃப்.எம். வரைக்கும் இழுக்கும். அதாவது நொடிக்கு 9 லிட்டர் காற்றுக்கு மேல். டேங்க் 8 பார் அழுத்தத்தில் நிறைந்திருக்கிறது, 6 பாருக்குக் கீழே போனால் கன்னுக்கு வலு இருக்காது என்றால், உங்களுக்குப் பயன்படுவது நடுவில் இருக்கும் 2 பார் மட்டும்தான். 50 லிட்டர் டேங்கில் அது 100 லிட்டர் காற்று. பத்துப் பதினொரு நொடிக்கு வரும். அதன்பிறகு மோட்டார் எவ்வளவு வேகமாக நிரப்புகிறது என்பதுதான் எல்லாம். எச்.பி.யும் நியூட்டன் மீட்டரும் கண்ணைக் கவரும் எண்கள். வேலை நடப்பது, 90 பி.எஸ்.ஐ. (சுமார் 6 பார்) அழுத்தத்தில் வெளியே வரும் காற்றின் அளவில். பெட்டியில் போடும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவு. வெளியே வருவது அதைவிட நன்றாகவே குறையும்.

சரி, நம்முடையது எவ்வளவுதான் தருகிறது என்று அளந்து பார்த்தேன். யாரும் செய்யலாம், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். டேங்கின் வெளிவாயை மூடிவிட்டு, கேஜ் முள் 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எத்தனை நொடி என்று பாருங்கள். எனக்கு 50 நொடி. 50 லிட்டர் டேங்க் என்றால் 50 நொடியில் 100 லிட்டர், நிமிடத்துக்கு 120 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக 4.2 சி.எஃப்.எம். ஒன்பதில் பாதிகூட இல்லை. அப்புறம் டேங்க் மேலேயே சந்தேகம் வந்தது. டேப்பை வைத்தேன்: விட்டம் 26 சென்டிமீட்டர், நீளம் 60. ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் 32 லிட்டர் வருவதே பெரிது. அப்படியானால் கிடைப்பது 2.7 சி.எஃப்.எம். டயருக்குக் காற்று அடிக்கலாம், ஏர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்யலாம். இம்பாக்ட் கன்னுக்கு இது காணாது.

கூடவே கொடுத்த சுருள் ஹோஸும் ஒரு கூத்து. உள்துளை 5 மில்லிமீட்டர். இருக்கிற கொஞ்சக் காற்றும் அதன் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் அழுத்தம் விழுந்துவிடுகிறது. குறைந்தது 8, முடிந்தால் 10 மில்லிமீட்டர் வேண்டும்.

மோட்டார் எரிந்தது வாரண்டி காலத்துக்குள். என் வீட்டில் அதற்கென்றே 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுத்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லை. கடைக்காரர் மெஷினைப் பார்க்காமலே "வோல்டேஜ் பிராப்ளம் சார், வாரண்டியில வராது" என்றார். மோட்டாருக்குக் கம்பி கட்டித் தரும் பக்கத்துத் தெரு ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் கவரைக் கழற்றி, கருகாத ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியம் சார். வார்னிஷ் கலர்தான் காப்பர் மாதிரி." பிறகு எச்.பி. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் மோட்டார் கம்பெனி அடித்த தகடு: 1.1 கிலோவாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக ஒன்றரை எச்.பி. மோட்டார், மூன்று எச்.பி. விலைக்கு.

அலுமினிய வைண்டிங்கே மோசடி என்று நான் சொல்லவில்லை. அலுமினியம் செம்பைப் போல அறுபது சதவீதம்தான் மின்சாரம் கடத்தும், அதனால் கம்பியைத் தடிமனாகப் போட்டு ஒழுங்காகச் செய்தால் ஓடும். அலுமினியம் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்கட்டும். காப்பர் என்று எழுதி காப்பர் விலை வாங்குவதுதான் திருட்டு.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது சேஃப்டி வால்வு. அதன் வளையத்தைப் பிடித்து இழுத்தால் காற்று புஸ்ஸென்று வெளியேற வேண்டும். என்னுடையது அசையவே இல்லை, உள்ளே இறுகிப் போயிருந்தது. டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் என்றைக்காவது ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடினால், டேங்கைக் காப்பாற்ற இருப்பது அந்த ஒரு வால்வு மட்டும்தான். டேங்கில் தயாரித்த வருடமோ, எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள் என்பதோ எழுதிய தகடும் கிடையாது. டயர் கடையில் டேங்க் வெடித்த செய்திகளை நாம் அவ்வப்போது படிக்கிறோம். இது வீட்டு போர்ட்டிகோவில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் நிற்கிற பொருள். எந்தக் கம்ப்ரசர் வாங்கினாலும், கடையிலேயே அந்த வளையத்தை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீர் வடிக்கவும் மறக்காதீர்கள். சென்னை ஈரத்துக்கு டேங்க் உள்ளே இருந்துதான் துருப்பிடிக்கும்.

கன்னோடு இலவசமாக வந்த பளபள குரோம் சாக்கெட்டுகளையும் தூக்கிப் போட்டுவிட்டேன். அவை கையால் திருப்புவதற்கு. கன் அடிக்கும் அடியில் விரிசல் விட்டுத் தெறித்தால் கண் போய்விடும். இம்பாக்ட் சாக்கெட் என்று கறுப்பாக, சுவர் தடிமனாகத் தனியாக விற்கிறது, அதைத்தான் மாட்ட வேண்டும்.

இனி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு. ஸ்டிக்கரை விடுங்கள், மோட்டாரின் தகட்டில் கிலோவாட்டைப் பாருங்கள். தகடு இல்லையென்றாலோ அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ கிளம்பி வந்துவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பப் போகும் அதே கம்ப்ரசரில், அதே ஹோஸில், நட்டுகளை டார்க் ரென்ச்சால் நன்றாக இறுக்கிவிட்டு வரிசையாக நான்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டெமோ ஸ்டாண்டில் நட்டு எவ்வளவு இறுக்கம் என்று யாருக்குத் தெரியும்? சாண்டர், டை கிரைண்டர் எல்லாம் இடைவிடாமல் காற்று கேட்பவை. சிங்கிள் ஃபேஸ் சின்னக் கம்ப்ரசரில் அவற்றை ஓட்டும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. உண்மையைச் சொன்னால், வீல் நட்டுக்கும் சஸ்பென்ஷன் போல்ட்டுக்கும் மட்டும் என்றால் நல்ல பிராண்டில் ஒரு பேட்டரி இம்பாக்ட் ரென்ச் போதும். கம்ப்ரசரும் வேண்டாம், அதன் சத்தமும் இல்லை. இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் ஒரு மீட்டர் நீளத்தில் பிரேக்கர் பார் (கையால் நட்டைக் கழற்றும் நீளக் கம்பி) வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது எதில் கழற்றியிருந்தாலும் டார்க் ரென்ச்தான்.

பில் விஷயம். எனக்கு முதலில் "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டுதான் நீட்டினார்கள், ஜி.எஸ்.டி. பில் என்றால் 18 சதவீதம் கூடுமாம். விடாமல் நின்று பில் வாங்கினேன். அதிலும் "கம்ப்ரசர் செட் - 1" என்று மொட்டையாகத்தான் எழுதினார்கள். நல்லவேளை, விவரம் முழுக்க வாட்ஸ்அப்பில் இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது கிலோவாட், டேங்க் லிட்டர், வைண்டிங் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினாலே விஷயம் புரிந்துவிடும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லுக்கு அடியில் அச்சடித்திருந்தார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன், கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸும் போனது. அதன்பிறகுதான் அங்கிருந்து போனே வந்தது: "மோட்டாரை மாத்தித் தர்றோம் சார், அதோட விட்டுடுங்க." டேங்கும் வால்வும் அதேதானே? மாட்டேன் என்றேன். பாதிப் பணம் தருகிறேன் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ரீவைண்டிங் கடைக்காரர் 2,800 ரூபாய்க்கு நிஜமான காப்பரில் கட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆணையம் கேட்டால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் கருகிய வைண்டிங், பாதி பிய்ந்த ஸ்டிக்கர், அசையாத வால்வு எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. உங்களிடமும் இதே மாதிரி காம்போ இருந்தால், ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.