நியமம் சார் மதிப்பீடா, நியதி சார் மதிப்பீடா?

கல்வி டிப்ளோமா பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான். நியமம் சார்ந்தது பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடும். நியதி சார்ந்தது முன்கூட்டியே வகுத்த தேர்ச்சியோடு ஒப்பிடும், பக்கத்து மேசைக்காரர் எத்தனை எடுத்தார் என்பது அதற்குத் தேவையில்லை.

முதலாவதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளி இருக்கிறதே. ஒருவரின் புள்ளி சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்பதுதான் இசட். ஒரு பாடத்தில் சராசரி 50, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 10 என்று வையுங்கள், 65 எடுத்தவருக்கு இசட் 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 65, விலகல் 20 என்றால் 75 எடுத்தவருக்கும் 0.5தான் வரும், அதாவது புள்ளி கூட, இடமோ கீழே. தரம் 5 புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் இந்த வகைதான், ஆண்டுக்கு ஆண்டு மாறும், வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பு நிரம்புவதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

நியதி சார்ந்ததற்கு சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையைப் பாருங்கள், எல்லோரும் சித்தியடைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரொபர்ட் கிளேசர், 1963இல்.

இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம் என்றால் நியமம் சார்ந்ததை விட்டால் வேறு வழி குறைவு. ஆனால் வகுப்பறைக்குள் எனக்கு அது பிடிக்காது: "நீ 23ஆம் இடம்" என்றால் பிள்ளை பின்னக் கூட்டலில் பொதுப் பகுதியெண் காணத் தெரியாமல் திணறுகிறான் என்பது தாய்க்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.