அலமாரியில் இடம்பிடித்தது மார்ப்பிள் பாட்டிதான்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனில் சின்ன வீட்டுக்கு வந்தபோது, துப்பறியும் நாவல்களில் பாதியைக் கழிக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு பக்கம் துப்பறிவாளர்கள் விவேக், நரேந்திரன் வைஜெயந்தி, வக்கீல்கள் கணேஷ் வசந்த் வரும் தமிழ் நாவல்கள். இன்னொரு பக்கம், போலீஸுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத சாதாரண ஆள் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் ஆங்கிலக் கதைகள். நான் வைத்துக்கொண்டது இரண்டாவதை.

வேகத்திலும் விலையிலும் தமிழ் மாத நாவலை அடித்துக்கொள்ள ஆளில்லை, கோலாலம்பூர் பஸ் போய்ச் சேருவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். அந்த ஆங்கிலக் கதைகளைப் பார்த்து, சின்ன கிராமத்தில் இத்தனை கொலையா என்று கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான், சரி.

எனக்கு முக்கியம், கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுக்க முடியுமா என்பது. விவேக் கிரைம் பிராஞ்ச் அதிகாரி, அவருக்கு லேப் ரிப்போர்ட் வரும், கான்ஸ்டபிள் தகவல் கொண்டுவருவார், அதெல்லாம் எனக்குக் கிடைக்காது. அகதா கிறிஸ்டியின் கதைகளில் கிராமத்துப் பாட்டியாக வரும் மிஸ் மார்ப்பிளுக்கோ நான் பார்த்த அதே தேநீர் மேசை, நான் கேட்ட அதே ஊர்ப்பேச்சுதான். 1930இல் வந்த முதல் மார்ப்பிள் நாவலிலேயே இது அப்படித்தான். சந்தேகப்படும் ஆளைப் பார்த்ததும் செயின்ட் மேரி மீட் கிராமத்தில் தனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார், அங்கிருந்து பிடித்துப் போவார். எங்கள் பாட்டி தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்தபடியே, எந்த வீட்டு அடுப்பு இன்னும் புகையவில்லை என்று பார்த்து யாருக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுவார், அதே கண். இரண்டாம் முறை படிக்கும்போது, முதல் தடவை வெறும் அரட்டை என்று தாண்டிப்போன வரியில் விடை முழுசாக உட்கார்ந்திருப்பது தெரியும், அந்தச் சந்தோஷம் முதல் வாசிப்பில்கூட இல்லை.

பூனை, பேக்கரி என்று இப்போது அமெரிக்காவிலிருந்து வரும் இதே வகைத் துப்பறியும் நாவல் தொடர்களில் நான் படித்தது இரண்டே இரண்டு. மறுபடி எடுக்கத் தோன்றவில்லை, ஆனால் இரண்டை வைத்து மொத்தத்தையும் தள்ளிவிட மாட்டேன்.

மாத நாவல் மூட்டையை ஒட்டுக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டேன், காலையில் பசியாற வருகிறவர்கள் ரொட்டி சானாய் வரும்வரை புரட்டுகிறார்கள். கணேஷ் வசந்த் நான்கை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை, வசந்தின் வாய்க்காகவே.