ஈறு தின்னும் மாத்திரை: ஃபெனிட்டாயினுடன் ஒன்பது ஆண்டுகள்

இரண்டாவது முறையாக ஈற்றை வெட்டிக்கொண்டு, இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் திரும்பும் பேருந்தில் அமர்ந்து இதை எழுதுகிறேன். மேலுதடு இன்னும் மரத்துக் கிடக்கிறது. தன் மகனுக்கும் வலிப்புக்கு நான் எடுக்கும் இதே ஃபெனிட்டாயினை எழுதியிருப்பதாகச் சொல்லி, "மச்சான், நல்ல மாத்திரைதானா?" என்று தங்கச்சிமடத்து நண்பர் நேற்றுக் கேட்டார்.

வலிப்பை அடக்குகிறதா என்றால், அடக்குகிறது. 1938இல் மெரிட், புட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதன் பயனை அறிவித்ததிலிருந்து இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து இது. எனக்கு ஒன்பது ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் வலிப்பு வந்தது; அதுவும் திருவிழா அலைச்சலில் இரண்டு நாள் மாத்திரையை மறந்ததால் வந்தது. கண் விழித்தபோது என் கையில் யாரோ துருப்பிடித்த சாவியைத் திணித்திருந்தார்கள். சாவியால் ஒரு பயனும் இல்லை; ஒருக்களித்துப் படுக்க வைப்பதே போதும்.

என் கோபமெல்லாம் ஈற்றின்மேல்தான். முதலாண்டிலேயே முன்பற்களுக்கு இடையில் சிவந்த மொட்டுகளாகக் கிளம்பிய சதை, மெல்ல இறங்கிப் பல்லைப் பாதிவரை மூடிவிட்டது. நெத்திலி முள் அதில் குத்தினால் சோற்றோடு இரத்தம் சுவைக்கும். ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். யார் என்ன நையாண்டி செய்தாலும் உதட்டைத் திறக்காமலே சிரித்துப் பழகிவிட்டேன். காலையும் இரவும் தவறாமல் பல் துலக்கினால் வீக்கம் குறையும், முற்றிலும் நிற்காது. சிறுவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்பதால், மருந்து தொடங்கும்போதே பையனைப் பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

அளவில் விளையாடக் கூடாது. கல்லீரல் இதை ஓரளவுக்கு மேல் வேகமாக வெளியேற்றாது; ஆகவே சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மளமளவென ஏறிவிடும். எனக்கு 300 மில்லிகிராமை 400 ஆக்கிய இரண்டாம் வாரம், பாலத்து விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன; தள்ளாடி நடந்த என்னைப் பார்த்து, "பகலிலேயே போட்டுட்டியாடா?" என்றார் பெரியப்பா. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டியது, பரிசோதனையில் 27 இருந்தது. வயிற்றெரிச்சலுக்கு அமில முறிவு மருந்து எடுத்தால் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடவேண்டும். காசநோய்க்குத் தரும் ஐசோநையாசிட் இதன் அளவை ஏற்றிவிடும் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். உடம்பில் தடிப்புக் கண்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தானாக நிறுத்துவது மட்டும் ஒருக்காலும் ஆகாது. விடாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

ஈற்றைக் கெடுக்காத வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றித் தருகிறேன் என்று என் மருத்துவரே இருமுறை சொல்லிவிட்டார். இருமுறையும் மறுத்தவன் நான்தான். ஆகவே நண்பரே, ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். உதட்டில் உணர்ச்சி திரும்பிய பிறகு கேட்டிருந்தால் ஒருவேளை மூன்று.