ஜெப விண்ணப்பம்: கூகுள் படிவமா, பெட்டியில் போடும் சீட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டச் சபைகளுக்கு எது தோது?

செலவு: இரண்டிலும் பெரிதாக இல்லை.

எளிமை: சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் படிவம். பாட்டிமாருக்குச் சீட்டு. எழுத முடியாத பாட்டிக்கு எழுதித் தருபவருக்கும் விஷயம் தெரிந்துவிடும், அது வேறு கதை.

நீடிப்பு: சீட்டை ஜெபம் முடிந்ததும் கிழித்துவிடலாம். படிவத்தில் எழுதியது யாராவது அழிக்கும்வரை கிடக்கும்.

அந்தரங்கம்: இங்கேதான் படிவம் சறுக்குகிறது. ஐசி நம்பர், அதாவது நம் அடையாள அட்டை எண், கேட்கும் படிவங்களும் உண்டு. எதற்கு? அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பது. சங்கீதம் 139 சொல்கிறபடி, நாம் உட்காருவதையும் எழுந்திருப்பதையும் அறிந்தவருக்கு இந்த விவரம் தேவையா? அவர் நம்மை அறிவது அன்பினால். விளம்பரக் கம்பெனி அறிவது வியாபாரத்துக்கு. நம் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிகப் பரிவர்த்தனைகளைப் பற்றியதுதான். அதனால் சபையே கவனமாக இருக்கட்டும்.

நோய், கடன், குடும்பச் சண்டை என்றால் சீட்டு, பெயர்கூட வேண்டாம். பரீட்சை, பயணம், வெளியூர்க்காரர்கள் என்றால் படிவம் சரி. அதிலும் ஐசி கட்டத்தை எடுத்துவிடுங்கள்.